பக்கத்து வீட்டுப் பாட்டும் பக்கத்து ஊர் வாத்தியமும்: திருமலையில் கற்றுக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலை ரவுனில் ஒரு பின்னேரம் நடந்து பாருங்கள். பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் தவில் கேட்கும், புனித மரியாள் பேராலயத்தில் பாடகர் குழு ஒத்திகை பார்க்கும், எங்கேயோ ஒரு கல்யாண மண்டபத்தில் பைலா ஆட்டப்பாட்டு தொடங்கியிருக்கும், நிற்கிற ஓட்டோவில் சிங்களப் பாட்டு ஓடும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போனால் றபான் என்ற கைமேளம் இருக்கிறது, கம்பு தட்டி ஆடுகிற களிகம்பு இருக்கிறது. இவ்வளவும் எல்லார் காதிலும் விழுகிறது, ஆனால் தன் வீட்டுப் பாட்டைத் தாண்டி மற்றவரின் பாட்டில் இரண்டு வரி பாடவோ மற்றவரின் வாத்தியத்தில் கை வைக்கவோ தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். சாதாரண தரப் பரீட்சையில் சங்கீதம் கர்நாடகம், கீழைத்தேயம், மேலைத்தேயம் என்று மூன்று தனிப் பாடங்கள். தமிழ்ப் பிள்ளை பெரும்பாலும் கர்நாடகம் எடுக்கும். சிங்களப் பிள்ளை எடுக்கிற கீழைத்தேயம் இந்துஸ்தானி இசையையும் சிங்கள நாட்டார் இசையையும் அடிப்படையாகக் கொண்டது. ஒரே கீபோட்டில் ஒரே கட்டையை அமத்திவிட்டு ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்கிற பழக்கம் கிடையாது.

இந்த வழிகாட்டி ஏதோ ஓர் இசையில் கொஞ்சம் அடிப்படை தெரிந்தவர்களுக்கு. ஒன்றும் தெரியாதவர்களும் வாசிக்கலாம், சுரம் வருகிற பகுதி மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போகும். நான் சொல்லப்போகும் ஒழுங்கு இதுதான்: முதலில் பாட்டைக் கொடுத்து வாங்குங்கள், அப்புறம் காது, அப்புறம் தாளம், கடைசியில்தான் வாத்தியம். நிறையப் பேர் நேரே கடைக்குப் போய் ஒரு கிற்றாரை வாங்கிக்கொண்டு வந்து, மூன்றாம் மாதம் அதை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். வாத்தியத்தில் குற்றம் இல்லை. அதில் வாசிக்க ஆசைப்பட்ட ஒரு பாட்டு அவர்களிடம் இருக்கவில்லை.

முதல் படி: பாட்டைக் கொடுப்பது

மூன்று பாட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஐம்பது பாட்டை வரிசையாக அடுக்கி இணைப்பு அனுப்பினால் யாரும் கேட்கப் போவதில்லை, நீங்களும் கேட்கமாட்டீர்கள். அந்த மூன்றும் உங்கள் மரபின் மிக உயர்ந்த படைப்புகளாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கர்நாடக இசை பழக்கமில்லாத நண்பருக்கு இருபது நிமிட ராக ஆலாபனையோடு ஒரு கீர்த்தனையை அனுப்புவது அவரை விரட்டுகிற வேலை. குறுகிய பாட்டு, திரும்பத் திரும்ப வருகிற பல்லவி, கையைத் தட்டிக்கொண்டு கேட்கக்கூடிய தாளம் உள்ளதாகப் பாருங்கள். மொழி விளங்காதவரும் இரண்டாம் முறை கேட்கும்போது முணுமுணுக்க வேண்டும்.

கூடவே மூன்று விசயம் சொல்லுங்கள்: இது எப்போது பாடுவது, யார் பாடுவார்கள், என்ன சொல்கிறது. திருஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தைக் கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். அது 7ஆம் நூற்றாண்டுப் பாட்டு, நாங்கள் தினமும் பார்க்கிற அதே மலையையும் அதே கடலையும் பாடுகிறது, புறநீர்மை என்ற பண்ணில் அமைந்தது என்று ஒரு வட்சப் குரல் பதிவில் நீங்களே சொல்லிவிட்டுப் பிறகு பாட்டை அனுப்புங்கள். உங்கள் குரலில் ஒரு வரியாவது பாடி அனுப்பினால் இன்னும் நல்லது. குரல் சுமாராக இருந்தால் பரவாயில்லை, கேட்கிறவருக்கும் தானும் பாடலாம் என்ற துணிவு வரும்.

வாங்கும்போது கவனமாகக் கேட்க வேண்டும். “உங்கட பாரம்பரிய இசை ஏதாவது அனுப்புங்கோ” என்று கேட்டால் சுற்றுலாப் பயணிக்குக் காட்டுகிற கண்டி மேளத்தைத்தான் அனுப்புவார்கள். “உங்கட அம்மம்மா என்ன பாடுவா? கல்யாண வீட்டில கடைசியா எந்தப் பாட்டுக்கு எல்லாரும் எழும்பி ஆடுவீங்க? பிள்ளையை நித்திரையாக்க என்ன பாடுவீங்க?” என்று கேளுங்கள். அப்போதுதான் தாலாட்டு வரும், வயல் காவல் பரணில் பாடுகிற சிங்களப் பெல் கவி வரும், மூதூர்ப் பக்கத்துப் பெண்களின் கவி வரும், பாலையூற்றுப் பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தின் கஃப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டு வரும். யாரோ ஒரு முஸ்லிம் நானா நாகூர் ஹனிபாவின் பாட்டை அனுப்புவார், அது ஏற்கனவே உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். இருக்கட்டும், அவர் அதை எங்கே வைத்துக் கேட்கிறார் என்று கேளுங்கள்.

தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று: பாட்டுப் பதிவை வட்சப்பில் சாதாரணமாக அனுப்பாமல் ஆவணமாக, அதாவது டொக்கியூமென்ற் என்ற வழியில் அனுப்புங்கள். கோப்பு உள்ளது உள்ளபடி போகும். பிறகு சுரம் பிடிக்கும்போது இது உதவும்.

இரண்டாம் படி: ஸ எங்கே இருக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், எனவே இதில் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன்.

ஒரு பாட்டு வந்துவிட்டது. அதை ஒரு கிழமை இடைக்கிடை கேளுங்கள், சமைக்கும்போது, பஸ்சில் போகும்போது. பிறகு ஒருநாள் இருந்து, பாட்டு எந்தச் சுரத்தில் வந்து ஓய்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பாட்டுகள் கடைசியில் போய் உட்காருகிற இடம்தான் ஸ. அதை முணுமுணுத்துக்கொண்டே ஒரு ஆர்மோனியத்திலோ கீபோட்டிலோ, அதுவும் இல்லாவிட்டால் போனில் இருக்கிற பியானோ செயலியிலோ தேடிப் பிடியுங்கள்.

சுருதியைச் சொல்கிற கட்டைக் கணக்குத் தெரியாதவர்களுக்கு: சி என்றால் 1 கட்டை, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. இடையில் வரும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை கிடையாது, ஈக்கும் எஃப்புக்கும் நடுவில் கறுப்பு இல்லாததால். ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரை முதல் 6 கட்டைக்குள்ளும் வசதியாகப் பாடுவார்கள். பேராலயத்துக் கிற்றார்காரர் “ஜியில போவம்” என்பதும் சங்கீத ரீச்சர் “அஞ்சு கட்டை” என்பதும் ஒன்றேதான். இதை மட்டும் தெரிந்துகொண்டாலே ஒரு அறைக்குள் இரண்டு மரபுக்காரர் உட்காரலாம்.

இப்போது ஒரு விளையாட்டு. கீபோட்டில் கறுப்புக் கட்டைகள் மூன்று மூன்றாகவும் இரண்டு இரண்டாகவும் நிற்கும். மூன்றில் முதலாவதை ஸ என்று வைத்து, வெள்ளையைத் தொடாமல் கறுப்பிலேயே மேலே போங்கள், அடுத்த மூன்றின் முதலாவது வரை. நீங்கள் வாசித்தது நாலரைக் கட்டையில் மோகனம். இந்துஸ்தானிக்காரர் அதைப் பூப் என்பார், மேலைத்தேயக்காரர் மேஜர் பென்ரற்றோனிக் என்பார். அதே ஐந்து கறுப்புகளையும் வைத்துக்கொண்டு தொடங்குகிற இடத்தை மட்டும் மாற்றுங்கள். மூன்றில் இரண்டாவதை ஸ ஆக்கினால் மத்தியமாவதி. மூன்றாவதை ஆக்கினால் ஹிந்தோளம், அதாவது மால்கௌன்ஸ். இரண்டு கறுப்பு நிற்கிற இடத்தில் முதலாவதிலிருந்து சுத்த சாவேரி, இந்துஸ்தானியில் துர்கா. இரண்டாவதிலிருந்து சுத்த தன்யாசி. எங்கள் ஆட்கள் இதைக் கிரகபேதம் என்பார்கள். சங்கீதம் படிக்காத ஒருவரைக் கீபோட்டுக்கு முன்னால் இருத்தி, ஒரு சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டுக் கறுப்பில் மட்டும் விரலை ஓடவிடச் சொல்லுங்கள். சுருதிப்பெட்டியின் ஸவை மாற்ற மாற்ற அதே விரல்கள் சிரிப்பிலிருந்து அழுகைக்குப் போவதை அவரே கேட்பார். இதைக் காட்ட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

ஏழு சுர ராகங்களிலும் பொருத்தம் நிறைய. சங்கராபரணம் மேலைத்தேயத்தின் மேஜர் வரிசை, இந்துஸ்தானியின் பிலாவல் தாட், அதாவது தாய் வரிசை. கல்யாணிக்கு யமன். கரகரப்பிரியாவுக்குக் காபி தாட். நடபைரவிக்கு மைனர், கீரவாணிக்கு ஹார்மோனிக் மைனர். அரிகாம்போதிக்குக் கமாஜ். சிங்களப் பழைய நாடகப் பாட்டுகளும் சிங்களப் பாடகர் அமரதேவாவின் பாட்டுகளும் கேட்கிறபோது யமன், பூப் என்ற நிழல்கள் அடிக்கடி தட்டுப்படுவது சும்மா அல்ல. நூர்த்தி என்ற அந்தப் பழைய சிங்கள நாடகம் பார்சி அரங்கின் வழியாக வட இந்திய ராகங்களைக் கொண்டுவந்தது. அமரதேவா இலக்னோவில் பாத்கண்டே கல்லூரியில் படித்தவர்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. சுரம் ஒன்று என்பதால் ராகம் ஒன்று ஆகிவிடாது. கல்யாணியின் கமகத்தோடு, அதாவது சுரத்தை அசைக்கிற முறையோடு, யமனைப் பாடினால் இந்துஸ்தானி தெரிந்தவர் முகத்தைச் சுளிப்பார், யமனின் நீளமான நேர்ச் சுரங்களைக் கல்யாணி என்று பாடினால் எங்கள் ரீச்சருக்குப் பொறுக்காது. சிங்கள நாட்டார் பாட்டுகள் பல மூன்று நான்கு சுரத்துக்குள்ளேயே சுற்றி வருபவை, அதற்குள் உங்கள் அசைவுகளை எல்லாம் கொட்டினால் பாட்டு மூழ்கிவிடும். எனவே பிடித்த பாட்டை முதலில் அதைக் கொடுத்தவர் பாடுகிற மாதிரியே, ஒரு நகையும் போடாமல் பாடுங்கள். உங்கள் அலங்காரத்துக்கு நாள் வரும்.

மூன்றாம் படி: கை தட்டுவது

வாத்தியத்துக்கு முன்னால் தாளம் உடம்பில் ஏற வேண்டும். ஆதி தாளம் தெரிந்தவர் எட்டு எண்ணுவார், நான்கு, இரண்டு, இரண்டாக. இந்துஸ்தானியின் கஹர்வாவும் எட்டுத்தான், ஆனால் தட்டுகிற இடம் வேறு. ஆதி தாளம் போடுவதுபோல் விரல் எண்ணிக்கொண்டு கஹர்வாவைக் கேட்காதீர்கள், தபேலாவின் அடிக்குரல் எங்கே விழுகிறது என்று பார்த்து அங்கே மட்டும் தொடையில் தட்டுங்கள். தாதரா ஆறு. எங்கள் மிஸ்ர சாப்பு ஏழு, மூன்றும் நான்குமாக.

பைலாவில்தான் கர்நாடகம் படித்த பிள்ளைகள் தடுமாறுவார்கள். அதுவும் ஆறு, ஆனால் அந்த ஆறு ஒரே நேரத்தில் இரண்டு மாதிரி ஓடும். இப்படிப் பழகுங்கள்: வாயால் “தகிட தகிட” என்று சொல்லி ஒவ்வொரு “த”விலும் காலைத் தட்டுங்கள், ஆறு எண்ணுக்கு இரண்டு தட்டு. காலை நிறுத்தாமல், வாயை மட்டும் “தக தக தக” என்று மாற்றுங்கள், அதே ஆறு எண்ணுக்கு இப்போது மூன்று. கால் இரண்டு, வாய் மூன்று. முதல் நாள் கால் நின்றுவிடும் அல்லது வாய் காலோடு போய்விடும். விடாமல் செய்தால் ஒரு கிழமைக்குள் இடுப்பு தானாக ஆடத் தொடங்கும், அதுதான் பைலா. கடற்கரை ஊர்களில் போர்த்துக்கேயர் காலத்தில் வந்த பாட்டும் ஆபிரிக்க வழி வந்தவர்களின் தாளமும் கலந்து உருவானது இது. 1960கள், 70களில் இலங்கைத் தமிழ்ப் பொப் இசைக்காரர் இதே நடையை எடுத்துத் தமிழில் போட்டார்கள், எங்கள் ஊரின் பரமேஸ், கோணேஸ் சகோதரர்களும் அந்தப் பொப் காலத்து ஆட்கள்தான். ஆகவே பைலாவை யாரோ ஒருவருடையது என்று தள்ளிவைக்கத் திருமலைக்காரருக்கு நியாயம் இல்லை.

மேளம் பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மிருதங்கத்தின் முதல் பாடம் “தத் தி தொம் நம்”. ‘கெட்ட பெர’ என்ற கண்டி மேளத்தின் அடிப்படைச் சொற்கள் “தத் ஜித் தொங் நங்”. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒரு மேளத்தில் வாயால் சொல்லிப் பழகியவருக்கு மற்ற மேளத்தின் பாடம் பாதி தெரிந்த மாதிரித்தான், கை மட்டும் புதிதாகப் பழக வேண்டும்.

நான்காம் படி: எந்த வாத்தியம்

என் தீர்ப்பு, முதல் வாத்தியம் ஆர்மோனியம். சங்கீத வித்துவான்கள் கோபிக்கலாம், காரணத்தைக் கேளுங்கள். திருமலையில் எல்லா வீட்டு இசைக்குள்ளும் புகுந்து வந்த பெட்டி அது ஒன்றுதான். பஜனையில் இருக்கிறது, இசை நாடகத்தில் இருக்கிறது, சிங்களவர் அதைச் சர்ப்பினா என்று வைத்திருக்கிறார்கள், கவ்வாலியில் இருக்கிறது, தேவாலயத்து ஓர்கனுக்கு உறவுக்காரர். எங்கிருந்து வந்தது என்றால் பாரிசிலிருந்து, அலெக்சாண்டர் டெபெய்ன் என்பவர் 1842இல் உரிமம் எடுத்தது. காலால் மிதிக்கிற அந்தப் பெட்டியைக் கல்கத்தாவில் கையால் துருத்தி போடுகிற மாதிரிச் சிறிதாக்கினார்கள். கமகம் வராது என்ற குறை உண்மை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒலிபரப்பில் தடைசெய்தே வைத்திருந்தது. ஆனால் பழகுகிறவருக்கு அந்தக் குறையே வசதி: பெட்டி நேர்ச் சுரத்தைக் கொடுக்கும், வளைவை உங்கள் குரல் போட வேண்டும். வலது கை சுரம், இடது கை துருத்தி. இடது கையை அவசரமாக இழுக்காமல், பாட்டின் மூச்சோடு சேர்த்து மெதுவாகத் தள்ளிவிடப் பழகினால் மிச்சம் எல்லாம் தானாக வரும்.

வயலின் ஏற்கனவே வாசிப்பவராக இருந்தால் வேறு கருவியே வாங்க வேண்டாம். மேலைத்தேயக்காரர் ஜி, டி, ஏ, ஈ என்று கூட்டித் தாடையின் கீழ் பிடிப்பார், எங்கள் ஆட்கள் ஸ ப ஸ ப என்று கூட்டி நிலத்தில் இருந்து தலைப்பகுதியைக் காலில் ஊன்றுவார்கள். வயலினைக் கர்நாடகத்துக்குக் கொண்டுவந்த முதல்வர்களில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி முக்கியமானவர், இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை. ஒரே வயலினில் காலையில் ஒரு கூட்டல், மாலையில் ஒரு கூட்டல் என்று மாற்றாதீர்கள், தந்தியும் அதை முறுக்குகிற பிருடையும் தாங்காது. சில மாதம் ஒன்றிலேயே இருங்கள்.

புல்லாங்குழல் என்றால், கர்நாடகக் குழலுக்கு விரல் துளை எட்டு, வடநாட்டுப் பான்சுரிக்கு வழக்கமாக ஆறு. விரல் போடும் முறை வேறு என்பதால் எதைப் படிக்கப் போகிறீர்கள் என்று முடிவெடுத்த பிறகு வாங்குங்கள். கிற்றார் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, பாதி ஊர் வாசிக்கிறது. கை றபான் மலிவு, இடம் பிடிக்காது, தாளம் மட்டும் பழக விரும்புகிறவருக்கு அதைவிட நல்லது கிடையாது.

எல்லா வாத்தியமும் ஆசைப்பட்டதும் எடுத்து அடிக்கிறதல்ல. நாதஸ்வரமும் தவிலும், கும்ப விழா இரவுகளில் அடிக்கிற உடுக்கு, விகாரையின் தம்மட்ட மேளமும் ஹொரணைக் குழலும், பக்கீர் பாவாக்களின் றபான், இவை வழிபாட்டோடு போகிறவை. வாசிப்பவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் அவரிடமே பழகுங்கள், அவர் எங்கே வாசிக்க வேண்டாம் என்கிறாரோ அங்கே வாசிக்காதீர்கள். பறை விசயத்தில் இன்னும் ஒன்று. அதை அடித்ததற்காகவே ஒரு சமூகத்தை வாசலுக்கு வெளியே நிற்கவைத்த ஊர் நாங்கள். இப்போது மேடையில் பறை அழகாகத் தெரிகிறது என்பதால் பழகப் போகிறவர், அந்தக் குடும்பத்து ஆசிரியரின் வீட்டுக்குப் போய், அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்து, உரிய காசைக் கொடுத்துப் பழக வேண்டும். காணொளியைப் பார்த்துப் பழகி மேடையேறுவது சரியில்லை.

ஐந்தாம் படி: ஆளைப் பிடிப்பது

பெயர்ப்பலகை போட்ட வகுப்புகள் பெரும்பாலும் பரீட்சைக்கானவை. வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளும் பள்ளிப் பரீட்சையும்தான் அங்கே அவசரம். அங்கே போனால் முதல் நாளே “எனக்குச் சேர்ட்டிபிக்கேற் வேண்டாம், இந்த ஒரு பாட்டை வாசிக்கப் பழக வேணும்” என்று சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலேயே ஒரு வருடம் போய்விடும். சரளி வரிசை கெட்டதல்ல, ஆனால் உங்கள் நோக்கம் வேறு. முறையாகப் பட்டப்படிப்பே வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பழந்தமிழர் யாழை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்ட அந்த விபுலாநந்தர் எங்கள் ஊர் இந்துக் கல்லூரியிலும் அதிபராக இருந்தவர்.

நல்ல ஆசிரியர்கள் வாசிக்கிற இடத்தில்தான் கிடைப்பார்கள். கூத்து மத்தளம் வேண்டுமானால் மூதூர், சம்பூர்ப் பக்கம் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரைத் தேடுங்கள். கிற்றாரும் குரல் பிரிப்பும் வேண்டுமானால் தேவாலயப் பாடகர் குழு. றபானுக்குக் கிண்ணியா. முந்தி கிண்ணியாவுக்குப் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் போக வேண்டும், இரவு வகுப்பு என்றால் திரும்பி வருகிற கவலை. 2009இல் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் பின்னேரம் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரலாம்.

எப்போது கேட்கப் போவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். கோயில் திருவிழாக் காலத்தில் மேளகாரருக்கு நித்திரையே இல்லை. நோன்பு மாதத்தில் கிண்ணியாவில் வகுப்பு கேட்காதீர்கள். தவக்காலத்தில் பேராலயக் குழுவுக்கு ஒத்திகை மேல் ஒத்திகை, மார்கழியில் கரோல். பௌர்ணமிப் போயா நாளில் சிங்கள ஆசிரியர் வீட்டில் இருக்கமாட்டார். இவற்றுக்கு நடுவில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போங்கள். வெற்றிலையைக் கொண்டுபோய் இரண்டு கையாலும் கொடுப்பது தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவான மரியாதை. அதற்காக வெற்றிலையோடு நிறுத்திவிடக் கூடாது, மாதக் காசை நீங்களே கேட்டு, பேசி, முதலிலேயே கொடுங்கள். கலைஞர் வாயால் காசு கேட்க வைப்பது மகா கெட்ட பழக்கம், எங்களிடம் அது நிறைய உண்டு.

ஆறாம் படி: முதல் மூன்று மாதம்

ஒரே பாட்டு. அந்த நண்பர் கொடுத்த மூன்றில் ஒன்று. தினமும் இருபது முப்பது நிமிடம் போதும், ஆனால் தினமும்.

முதல் சில கிழமை வாத்தியத்தைத் தொடாமல் பாடுங்கள், சொல்லோடு. வேற்று மொழி என்றால் உச்சரிப்பை அவரிடமே திருத்திக்கொள்ளுங்கள். அப்புறம் சுரமாகப் பாடுங்கள். அதற்குப் பிறகு வாத்தியத்தில், ஒரு வரி ஒரு வரியாக. யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாது என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கஷ்டமான சங்கதிக்கு அதைப் பயன்படுத்துங்கள். கிழமைக்கு ஒருதரம் போனில் பதிவு செய்து பாட்டைக் கொடுத்தவருக்கு அனுப்பி “எங்க பிழைக்குது?” என்று கேளுங்கள்.

எழுதி வைப்பது பற்றி: சிங்களப் பள்ளியிலும் ஸ ரி க ம தான், எழுத்து மட்டும் வேறு. அங்கே பாத்கண்டே முறையில் கோமள சுரத்துக்குக் கீழே கோடு, தீவிர மத்திமத்துக்கு மேலே நிமிர்ந்த கோடு போடுவார்கள். நாங்கள் ரி1, ரி2 என்று எண் போடுவோம். கோமள ரி எங்கள் ரி1, சுத்த ரி எங்கள் ரி2, கோமள க எங்கள் சாதாரண காந்தாரம், அதாவது க2, சுத்த க எங்கள் க3. இந்த நாலு வரியை ஒரு துண்டில் எழுதிப் புத்தகத்தில் ஒட்டிவிட்டால் இரண்டு முறையையும் வாசிக்கலாம். சுர எழுத்துகள்தான் எங்களுக்கு இடையில் உள்ள மொழிப் பிரச்சினையே இல்லாத மொழி. சிங்களம் தெரியாத தமிழரும் தமிழ் தெரியாத சிங்களவரும் “க ப த ஸ” என்று பேசிக்கொள்வதை நேரில் பார்த்தால் விளங்கும்.

கிற்றார்காரரோடு சேர்கிறபோது கோர்ட் பிரச்சினை வரும். அவர் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் மூன்று கோர்ட் போடுவார். மோகனத்தில் பாடுகிறீர்கள், 2 கட்டை சுருதி என்றால், ராகத்தின் சுரங்களுக்குள்ளேயே கட்டக்கூடிய கோர்ட் இரண்டுதான்: டி மேஜர், பி மைனர். ஜியும் ஏயும் போட்டால் மோகனத்தில் இல்லாத மத்திமமும் நிஷாதமும் உள்ளே வந்துவிடும். மெல்லிசைப் பாட்டுக்கு அது குற்றமில்லை, தேவாரத்துக்கு வேண்டாம். சந்தேகம் வந்தால் ஸவையும் பவையும் மட்டும் மீட்டச் சொல்லுங்கள். மாயாமாளவகௌளை மாதிரி ராகங்களில் கோர்ட் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கீரவாணி, நடபைரவிப் பாட்டுகளில் அவர் இஷ்டத்துக்கு விடலாம், அங்கே கிற்றார் உண்மையில் அழகு சேர்க்கும்.

ஏழாம் படி: எங்கள் ஊர்க் காற்று

திருமலை வெயிலும் உப்புக் காற்றும் வாத்தியத்தை வாழவிடாது. மாரி மழைக்காலத்தில் தோல் இளகிச் சுருதி இறங்கும், ஆனி ஆடியில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது அதே தோல் இறுகி வெடிக்கப் பார்க்கும். மிருதங்கத்தின் தொப்பியில் பூசிய ரவையை வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துத் துடைத்துவிடுங்கள், விட்டால் ஈரம் பிடித்துத் தோல் கெடும், எறும்பும் வரும். பறை, றபான் ஆட்கள் வாசிக்க முன் தோலை நெருப்புச் சூட்டில் காட்டுவார்கள். வீட்டில் செய்கிறவர் அடுப்புக்கு மேலே நேராகப் பிடிக்காமல் தள்ளி, சுற்றிக்கொண்டே காட்ட வேண்டும், விரலால் தட்டிப் பார்த்துக் குரல் ஏறியதும் நிறுத்திவிட வேண்டும்.

கிற்றார், வயலின் தந்திகளை வாசித்த பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். டச்சுக் குடாக் கடற்கரையில் இருந்து வாசிக்க ஆசை வரும், அன்றைக்குப் பழைய கிற்றாரைக் கொண்டுபோங்கள். ஆர்மோனியத்தின் உலோக நாக்குகள் துருப்பிடித்தால் சுருதி போய்விடும், மழைக்காலத்தில் மரம் ஊதி ஒரு கட்டை அமத்தியபடியே நின்று ஓயாமல் ஊளையிடும். அதைக் கத்தியால் கிளப்பாதீர்கள், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு மூடி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் திருத்துகிறவரிடம் கொடுங்கள்.

எட்டாம் படி: சேர்ந்து இருப்பது

நாலு பேர் போதும், ஒரு விறாந்தை போதும். ஆளுக்கு ஒரு பாட்டு, மற்றவர்கள் கூட வாசிக்கலாம் அல்லது சும்மா கேட்கலாம். முதல் சந்திப்பில் எதையும் கலக்காதீர்கள். நல்லிணக்க விழாக்களில் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று உடுப்புப் போட்டு ஒரு பாட்டின் மூன்று வரியை மூன்று மொழியில் பாடவைத்துப் படம் எடுப்பார்களே, அந்த வேலை வேண்டாம். அதில் யாரும் யாரிடமும் ஒன்றும் பழகுவதில்லை. ஒரு றபான்காரர் உங்கள் பாட்டை நாலைந்து தரம் கேட்டுவிட்டு, தானாக ஒரு இடத்தில் கையைப் போடுவார், கலப்பு அங்கேதான் தொடங்குகிறது, அதை முன்கூட்டியே திட்டம் போட முடியாது.

சுருதியை முதலிலேயே பேசி முடியுங்கள். யாருடைய பாட்டோ அவருடைய கட்டை. ஒலிபெருக்கி வேண்டாம், மேளங்கள் சுவர் ஓரமாகவும் குரல் நடுவிலும் இருக்கட்டும். தொழுகை நேரம், கோயில் பூசை நேரம் வந்தால் நிறுத்தி ஒரு தேத்தண்ணி. சுருதி கூட்டுகிற நேரத்தில் யாரும் கதைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போடுங்கள், நண்பர்களுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் அதிலேதான்.

இரண்டாம் மூன்றாம் சந்திப்பில் பாட்டை மாற்றிக்கொள்ளுங்கள்: நீங்கள் அவருடையதைப் பாட, அவர் உங்களுடையதை வாசிக்க. அவர் உங்கள் பாட்டில் ஒரு சுரத்தை நேராக வாசிப்பார், உங்களுக்கு அது பிழை என்று படும். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு அவரை முழுவதும் வாசிக்க விடுங்கள், முடிந்த பிறகு பாடிக் காட்டுங்கள். இவ்வளவும் ஒருதரம் நடந்துவிட்டால் அடுத்த பாட்டுக்கு மூன்று மாதம் எடுக்காது. அப்போது இரண்டாவது வாத்தியத்தைப் பற்றி யோசிக்கலாம், ஆர்மோனியத்தில் தொடங்கியவர் என்றால் அடுத்ததாக ஒரு தோல் வாத்தியம் எடுங்கள்.